கறை தெரியணும்

"உங்க அக்கா எவ்வளவு சாதுவாயிட்டாங்க!" என்று கடைக்கு வருகிறவர்கள் என்னிடம் சொல்கிறார்கள். பாராட்டாம். இப்படிச் சொல்கிறவர்கள் தலையில் கஞ்சி வாளியைக் கவிழ்த்தால் என்ன என்று எனக்குத் தோன்றும். கவிழ்க்கவில்லை. வாடிக்கையாளர்கள் ஆயிற்றே.

நானும் அக்காவும் ஒரு சலவைக்கடை நடத்துகிறோம். முன்னால் கவுண்டர், நடுவில் இஸ்திரி மேசை, பின்னால் துவைக்கிற மெஷின். கவுண்டர் அவளுடையது. எனக்கு மனிதர்களோடு ஒத்துவராது, சட்டைகளோடுதான் ஒத்துவரும். அதனால் இஸ்திரி என் பங்கு. அக்கா எனக்கு வைத்த பெயர் சிடுமூஞ்சி. அவள் எல்லோருக்கும் பெயர் வைப்பாள், அதையும் நேருக்கு நேராகவே சொல்லிக் கூப்பிடுவாள். வாரா வாரம் ஒரு பொத்தான் தொலைந்த கோட்டோடு வருகிற ஆள் ஒத்தைப்பொத்தான். எதிர்வரிசை மருந்துக்கடைக்காரர் எப்போது போனாலும் சில்லறை இல்லை என்று கையை விரிப்பார், அதனால் அவர் பெயரே சில்லறையில்லை. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரிதான் பேசுவாள். ஆனால் அவளிடம் பேச்சு வாங்குவதற்கென்றே துவைத்த துணியை மறுபடியும் துவைக்கக் கொண்டுவந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

அவளிடம் ஒரு கண்டிப்பு உண்டு. துணியில் கறை இருக்கிறது என்று வாயால் சொன்னால் நம்ப மாட்டாள். "எங்க இருக்கு? காட்டுங்க" என்பாள். காட்டியதும் அதைச் சுற்றிச் சாக்கட்டியால் ஒரு வட்டம் போடுவாள். வட்டம் போட்ட துணியைத்தான் நான் தனியே எடுத்துத் தேய்ப்பேன். வட்டம் இல்லாதது மற்றதோடு சேர்ந்து மெஷினுக்குள் போய்விடும். "கறை தெரியணும். தெரியாத கறைக்கு நாங்க பொறுப்பில்ல" என்று அவளே ஓர் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாள்.

சில வருடங்களுக்கு முன்னால் அவள் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. தைராய்டு சுரப்பியை முழுதாக எடுத்துவிட்டார்கள். இனி ஆயுசுக்கும் காலையில் ஒரு வெள்ளை மாத்திரை, அவ்வளவுதான், மற்றபடி நீங்கள் பழைய ஆள்தான் என்றார்கள். பழைய ஆள்! நானும் நம்பினேன். ஒரு வருடம் போனது. வெள்ளை மாத்திரை ஒரு நாள் தவறவில்லை. ஆனால் என் அக்கா இஸ்திரிப் பெட்டி கொதிக்கிற கடைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்றாள். மடித்து வைத்த சூடான விரிப்புகளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபடியே தூங்கினாள். சீப்பில் கொத்துக் கொத்தாக முடி. ஒருவர் கேள்வி கேட்டால் பதில் வருவதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார். யாருக்கும் புதுப் பெயர் வைக்கவில்லை. ரத்தம் எடுத்துப் பார்த்தால் மட்டும் எல்லாம் நார்மல்.

அப்போது நாங்கள் போய்க்கொண்டிருந்த கிளினிக் டாக்டரம்மாதான் அந்தச் சின்ன மாத்திரையை எழுதிக் கொடுத்தார். சிலருக்கு வெள்ளை மாத்திரை மட்டும் போதாது, உடம்பு அதை மாற்றிக்கொள்ள வேண்டிய விதத்தில் மாற்றிக்கொள்வதில்லை, இதையும் சேர்த்துப் போட்டுப் பார்ப்போம் என்றார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிது. போட ஆரம்பித்த இரண்டாவது வாரம், நான் சட்டைக் கை மடிப்பில் கவனமாக இருந்தபோது பின்னாலிருந்து ஒரு குரல்: "ஏண்டி சிடுமூஞ்சி, அந்தச் சட்டை உனக்கு என்னடி பாவம் பண்ணுச்சு? இப்படிப் போட்டு அமுக்குற?"

நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அழுதேன். வெட்கமே இல்லாமல் அழுதேன். "அய்யய்யோ, சிடுமூஞ்சிக்கு அழக்கூடத் தெரியுது!" என்று அவள் ஒத்தைப்பொத்தானைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

இந்த சந்தோஷம் இரண்டு வருடம் ஓடியது. பிறகு டாக்டரம்மா ஓய்வு பெற்றுப் போய்விட்டார். அதே சமயத்தில் சின்ன மாத்திரையின் விலை ஏறியது. ஏறியது என்றால் நம் வீட்டு வாடகை ஏறுகிற மாதிரி இல்லை. ஒரு வருடத்துக்குப் போதுமாக இருந்த காசு இப்போது ஒரு மாதத்துக்குக்கூடப் போதவில்லை. மருந்துக்கடையில் சில்லறையில்லை முதன்முறையாக என்னைப் பார்க்க முடியாமல் குனிந்துகொண்டார்.

"ஒரே ஒரு கம்பெனிதாம்மா இத செய்றான். அவன் வச்சதுதான் வெல. நான் என்ன பண்ண?"

"வேற எங்கயாவது கெடைக்குமா?"

"வெளியிலேருந்து வரவழைக்கலாம்ங்கிறாங்க. வந்து சேர்றது மாத்திரையா சுண்ணாம்பான்னு நான் சொல்ல முடியாது. மிருகச் சுரப்பியக் காயவச்சு ஒண்ணு செய்வாங்க, பழைய காலத்து மருந்து. அதுவும் இப்ப வர்றதில்ல."

வெளியிலிருந்தும் வரவழைத்துப் பார்த்தோம். கையில் எடுத்ததும் உதிர்ந்தது. அதற்குப் போன பணத்துக்கு, வரவழைத்துக் கொடுத்த ஆளுக்கு நான் விட்ட சாபம் இன்னும் ஆகாயத்தில்தான் சுற்றிக்கொண்டிருக்கும். என்னிடமிருந்த இரண்டாவது இஸ்திரிப் பெட்டியை விற்று மருந்துக்கடையிலேயே ஓர் அட்டை மாத்திரை வாங்கினோம். அந்த அட்டையைப் பாதி பாதியாக உடைத்து, கடையில் கூட்டம் இருக்கிற நாட்களுக்கு மட்டும் என்று வைத்துக்கொண்டோம். ஆக, என் அக்கா சனிக்கிழமைக்கு மட்டும் வந்துபோகிற விருந்தாளி ஆனாள்.

ஒரே வழி அரசு ஆஸ்பத்திரி. அவர்கள் எழுதிக் கொடுத்தால் மாத்திரை இலவசம். அங்கே இருந்த புது டாக்டரிடம் போனோம். இளவயது, பொறுமையான ஆள். ரிப்போர்ட்டைப் பார்த்தார், "எல்லாம் நார்மலா இருக்கே" என்றார். அடுத்த முறை போனோம், நார்மல். அதற்கடுத்த முறையும் நார்மல். வெள்ளை மாத்திரை போட்டும் ரத்தத்தில் குறை தெரிந்தால்தான் சின்ன மாத்திரை வேண்டுமென்று மேலிடத்துக்கு எழுதிக் கேட்க முடியுமாம்.

"டாக்டர், ரத்தத்த விடுங்க. இவள பாருங்க. இவ முன்ன எப்படிப் பேசுவா தெரியுமா?" என்றேன்.

"புரியுதும்மா. ஆனா பேச்ச அளக்க எங்ககிட்ட டெஸ்ட் இல்ல."

அன்றைக்கு அவர் மேல் எனக்கு வந்த ஆத்திரத்தில் இஸ்திரிப் பெட்டிக்குக் கரண்டே தேவைப்பட்டிருக்காது.

அடுத்த சனிக்கிழமை அக்கா பாதி மாத்திரையைப் போட்டுக்கொண்டு கவுண்டரில் தெளிவாக நின்றாள். கூட்டம் குறைந்ததும் சாக்கட்டியை விரலில் உருட்டிக்கொண்டே கேட்டாள்:

"சிடுமூஞ்சி, ஒருத்தன் வந்து 'கறை இருக்கு, ஆனா கண்ணுக்குத் தெரியாது'ன்னு சொன்னா நீ என்ன பண்ணுவ?"

"போய்யா வேலையப் பாத்துக்கிட்டுன்னு சொல்லுவேன்."

"அதத்தான் அந்த நார்மல் டாக்டரும் சொல்றாரு. அவர் மேல என்ன தப்பு? நாமதான் கறையக் காட்டல."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வெள்ளை மாத்திரையை அடுத்த ரத்தப் பரிசோதனை வரைக்கும் நிறுத்திவிடப் போகிறாள். ரிப்போர்ட் மோசமாக வரும். மோசமாக வந்தால் சின்ன மாத்திரை கிடைக்கும்.

"பைத்தியமாக்கா உனக்கு? உனக்கு இருக்கிறதே அந்த ஒண்ணுதான். அதையும் நிறுத்தினா ஆளே போயிடுவ."

"இப்ப மட்டும் எங்க இருக்கேன்? வாரத்துல ஒரு நாள் இருக்கேன். மிச்ச நாளெல்லாம் ஏதோ ஒரு பொம்பள என் ஸ்வெட்டரப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்கா. எனக்கு அவளப் பிடிக்கலடி."

அவள் அழவில்லை. அழுதிருந்தால் நான் சண்டை போட்டிருப்பேன்.

"டாக்டர் கேட்டா என்ன சொல்லுவ?"

"தெனமும் வெறும் வயித்துல தவறாம போடுறேன் டாக்டர், ஒரு நாள் விட்டதில்லன்னு கண்ண உருட்டிச் சொல்லுவேன்" என்று சொல்லி, கண்ணை உருட்டியும் காட்டினாள். "எனக்கே பொய் சொல்லச் சொல்லித் தர்றியா? கோட்டு சாயம் போனதுக்குச் சூரியன் மேல பழி போட்டு ஒருத்தன நம்ப வச்சவ நான்."

உண்மைதான். அந்த ஆள் சூரியனைத் திட்டிக்கொண்டே போனார்.

மறுநாளிலிருந்து வெள்ளை மாத்திரையை நிறுத்தினாள். சின்ன மாத்திரையில் மீதி இருந்த இரண்டு துண்டுகளையும் தொடவில்லை, அது ரத்தத்தில் தெரிந்துவிடுமாம். இரண்டு வாரம் வரைக்கும் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. பிறகு முகம் ஊதியது. கண் இமை கனத்துத் தொங்கியது. குரல் தடித்து, பாதி வாக்கியத்தில் நின்றுவிடும். கவுண்டரில் நிற்க முடியாமல் விரிப்பு மூட்டை மேலேயே படுத்துக்கொண்டாள். ஒரு நாள் ஒத்தைப்பொத்தானின் கோட்டை வேறு யாரிடமோ தூக்கிக் கொடுத்துவிட்டாள். அதைப் போட்டுக்கொண்டு அவர் ஒரு வேலைக்கு நேர்முகம் போக வேண்டியிருந்தது. கடைக்குள் நின்று கத்தினார். அக்கா அவரையே பார்த்துக்கொண்டு "சரி… சரி…" என்றாள். அவர் கத்துவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் அவரை வாய்க்கு வந்தபடி திட்டி அனுப்பினேன். அவர் மேல் தப்பே இல்லை. யாரையாவது திட்டியாக வேண்டியிருந்தது எனக்கு.

"போதும்க்கா, மாத்திரையப் போட்டுக்க" என்று தண்ணீரோடு நின்றேன். வாயை இறுக்கி மூடிக்கொண்டு தலையை ஆட்டினாள். எதற்காக மூடிக்கொண்டிருக்கிறோம் என்பது மட்டும் அவளுக்கு மறக்கவில்லை.

ரத்தம் கொடுத்தோம். டாக்டரின் அறைக்குள் போனபோது அவர் ரிப்போர்ட்டைப் பார்த்து நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இது ரொம்ப மோசமா இருக்கே!"

இப்படி ஒரு வார்த்தையைக் கேட்டு நான் சந்தோஷப்படுவேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. மேசைக்குக் கீழே அக்காவின் கையைப் பிடித்து அழுத்தினேன். ஐஸ் மாதிரி இருந்தது.

டாக்டர் பழைய ரிப்போர்ட்டுகளைத் திருப்பினார். நெற்றி சுருங்கியது. "இது வரைக்கும் நல்லாத்தானே இருந்துச்சு? மாத்திரைய ஒழுங்காப் போடுறீங்களாம்மா?"

"தெனமும் போடுறா டாக்டர், நானே…"

"நீங்க கொஞ்சம் இருங்க. அவங்க சொல்லட்டும்."

அக்கா அவரைப் பார்த்தாள். நான் காத்திருந்தேன். கண்ணை உருட்டு அக்கா. சூரியன் மேல் பழி போட்டாயே, அதே மாதிரி ஒன்று, ஒரே ஒன்று சொல்லு. அவள் உதடு அசைந்தது. அவள் எதையோ தேடினாள், தூரத்தில் வைத்துவிட்ட ஒன்றை எழுந்து போய் எடுக்கிற மாதிரி. கடைசியில் கைக்கு அகப்பட்டதைச் சொன்னாள்.

"நிறுத்திட்டேன் டாக்டர். கறை… தெரியணும்ல."

எனக்கு முகத்தில் ஈயாடவில்லை. வெள்ளை மாத்திரையை நிறுத்தினால் ரிப்போர்ட்டோடு சேர்ந்து அவளுடைய சாமர்த்தியமும் போய்விடும் என்பதை நாங்கள் இரண்டு பேருமே யோசிக்கவில்லை. பொய் சொல்ல வேண்டிய ஆளையே வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"நான் இத எழுதித்தாம்மா ஆகணும். மாத்திரைய சொன்னபடி போடாதவங்களுக்கு அந்தச் சின்ன மாத்திரைய கொடுக்கக் கூடாதுன்னு விதி இருக்கு. கொஞ்சம் கூடினாலும் இதயத்துக்கு ஆபத்து."

"இனிமே சொன்னபடி போட்டா?"

"போட்டா ரிப்போர்ட் நார்மலாயிடும்."

"நார்மலானா?"

"நார்மலா இருந்தா அது தேவையில்லன்னு சொல்லுவாங்க."

"அப்போ யாருக்குத்தான் டாக்டர் அந்த மாத்திரைய செய்றாங்க?"

அவர் கண்ணாடியை எடுத்து மறுபடி மாட்டிக்கொண்டார். கத்தியிருந்தாலாவது நானும் கத்தியிருப்பேன். நல்ல மனுஷன். நல்ல மனுஷனை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வெள்ளை மாத்திரையை மறுபடி ஆரம்பிக்கச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டு, கதவு வரைக்கும் எழுந்து வந்தார்.

கடைக்கு வந்ததும் மீதி இருந்த இரண்டு துண்டுகளையும் அவளுக்குக் கொடுத்துவிடலாம் என்று அட்டையை எடுத்தேன். பின்னறை நீராவியில் ஈரம் பிடித்து இரண்டும் மாவாகக் கரைந்து ஒட்டியிருந்தன. விரலில் சுரண்டி அவள் நாக்கில் தடவினேன். என்ன பயன்? ஒரு மனசுதான்.

சில மாதங்கள் ஆகிவிட்டன. வீக்கம் வடிந்துவிட்டது. அக்கா கவுண்டரில் நிற்கிறாள். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மாதிரி நிற்கிறாள். கறை இருக்கிறது என்று யார் சொன்னாலும் "சரிங்க" என்று வாங்கி வைத்துவிடுகிறாள், காட்டச் சொல்வதில்லை. சாக்கட்டி தேயாமல் அப்படியே கிடக்கிறது. ஒத்தைப்பொத்தான் ஒரு முறை வேண்டுமென்றே இரண்டு பொத்தானைப் பிய்த்துக்கொண்டு வந்து நின்றார். அக்கா கோட்டை வாங்கி, அவருடைய சரியான பெயரைச் சொல்லி, நன்றி என்றாள். அவர் சிரிக்க முயன்றுவிட்டுப் போனார். அதன் பிறகு வருவதில்லை.

நேற்று ரிப்போர்ட் வந்தது. எல்லாம் நார்மல். கடையை மூடுகிற நேரம், அதை அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

"நல்லதுதானே" என்றாள்.

எனக்குள் என்னவோ அறுந்துவிட்டது. கையில் இருந்த சட்டையைச் சுருட்டித் தரையில் அடித்தேன். இஸ்திரி போட்ட சட்டை. அதை மிதிக்கவும் மிதித்தேன். எங்கள் கடையில் இதைவிடப் பெரிய குற்றம் கிடையாது.

"திட்டுக்கா! பாரு, என்ன பண்ணியிருக்கேன்னு பாரு. எதாச்சும் சொல்லி என்னத் திட்டு!"

அவள் சட்டையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். எனக்காக உண்மையாகவே முயன்றாள், அது முகத்தில் தெரிந்தது. புருவம் நெரிந்தது, உதடு திறந்தது, மூடியது.

"நாளைக்குத் திட்டட்டுமா?" என்று கேட்டாள். "இன்னைக்குக் களைப்பா இருக்கு."

"சரிக்கா, நாளைக்குத் திட்டு" என்றேன். சட்டையை எடுத்து உதறினேன். அவள் ஸ்வெட்டரை இழுத்துவிட்டுக்கொண்டு, கடைசியாக மடித்த விரிப்பை மடியில் வைத்து, அதில் இன்னும் சூடு இருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள்.