ஏழு மணிக்குள் படம் வரணும்

என் கணவர் மொட்டை மாடியில் நின்று ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் கீழே கூடத்தில் டிவிக்கு முன்னால் நின்று, ஜன்னல் வழியாக அவருக்குக் கத்திக்கொண்டிருந்தேன். மதியம் சாப்பிட்ட கையோடு தொடங்கிய வேலை இது.

"இப்ப?"

"வரலைங்க!"

"இப்பப் பாரு, இப்ப!"

"கட்டம் கட்டமாத்தான் வருது!"

"எத்தனை கட்டம்?"

எத்தனை கட்டம் என்று கேட்கிற மனிதரோடுதான் இத்தனை வருஷமாகக் குடும்பம் நடத்துகிறேன். பழைய டிவியில் படம் மங்கலாகவாவது வரும், ஆன்டெனாவைத் திருப்பத் திருப்பக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியும். இந்த டிஜிட்டலில் அதெல்லாம் கிடையாது. வந்தால் முழுசாக வரும். இல்லையென்றால் செய்தி வாசிப்பவரின் மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் என்று உடைந்து நின்றுவிடும். இதை இவருக்கு எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறாது.

வேறு ஒரு நாளாக இருந்தால் டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்திருப்பேன். அன்று ஏழு மணிக்கு எங்கள் மகள் வானிலை சொல்லப்போகிறாள். உள்ளூர் நிலையத்தில் அவளுக்குத் திரைக்குப் பின்னால்தான் வேலை, வரைபடத்தில் மேகமும் மழையும் பொருத்துவது. வழக்கமாகச் சொல்கிற பெண் காய்ச்சலில் படுத்துவிட்டதால், "இன்னைக்கு ஒரு நாள் நீ நில்லு" என்று இவளைப் பிடித்து நிறுத்திவிட்டார்கள். அந்த நிலையத்தைப் போனில் பார்க்க வழியில்லை, ஆன்டெனா இருந்தால்தான் உண்டு. பக்கத்து வீடு பூட்டிக் கிடக்கிறது. எதிர்வீட்டில் ஆன்டெனாவையே கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

காலையில் போனில் பேசும்போது அவளுக்குக் குரல் நடுங்கியது. "அம்மா, கடைசியில வணக்கம் சொல்றதுக்கு முன்னாடி இடது காதுத் தோட்டை ஒரு தடவை தொடுவேன். அது உனக்கு மட்டும். அப்பாகிட்டகூட சொல்லாதே" என்றாள். பள்ளிக்கூட மேடையில் அவள் பயந்து நிற்கும்போதெல்லாம் நான் முன்வரிசையில் உட்கார்ந்து என் தோட்டைத் தொட்டுக் காட்டுவேன். அவளும் தன் தோட்டைத் தொடுவாள். அதற்குப் பிறகு கடகடவென்று பேசிவிடுவாள். அதை நான் பார்க்காமல் போனால் எனக்கு ஆறவே ஆறாது.

மாடியில் என் அண்ணன் குடியிருக்கிறார், தனிக்கட்டை. வீடு முழுவதற்கும் ஒரே ஆன்டெனாதான். மேலேயிருந்து இறங்கும் கேபிள் அண்ணன் வாசலுக்கு வெளியே சுவரில் இருக்கும் பெட்டிக்குள் போய், அங்கே இரண்டாகப் பிரிந்து, ஒன்று அவர் டிவிக்கும் இன்னொன்று எங்கள் டிவிக்கும் வருகிறது. ஆனால் அண்ணனும் இவரும் பேசிக்கொள்வதில்லை. காரணம் ஒரு சோபா. அண்ணனின் சோபாவை மாடிக்கு ஏற்றும்போது படிக்கட்டு வளைவில் மாட்டிக்கொண்டது. இவர் "திருப்பணும்" என்றார், அவர் "தூக்கணும்" என்றார். இருவரும் அவரவர் சொன்னதையே செய்தார்கள். சோபாவின் கால் உடைந்தது, கூடவே பேச்சும் நின்றது.

அன்றிலிருந்து இவர் அண்ணன் வாசலைத் தாண்டுவதில்லை. மொட்டை மாடிக்குப் போகக்கூடக் கொல்லைப்பக்கம் பெரிய ஏணியைச் சாய்த்து ஏறுகிறார். அண்ணனுக்கு முழங்கால் வலி, அவர் மொட்டை மாடிப் பக்கமே போவதில்லை. இருவருக்கும் நடுவில் தபால்காரி நான்.

ஆறு மணி தாண்டியதும் டிவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சிக்னலின் பலத்துக்கு ஒரு பட்டை, தரத்துக்கு ஒரு பட்டை. பலம் முட்ட முட்ட நிரம்பியிருந்தது. தரம் படுத்துக் கிடந்தது. ஜன்னலில் தலையை நீட்டி இவரிடம் சொன்னேன்.

"பலம் ஃபுல்லா இருக்கா? அப்ப என் வேலை சரி. உன் அண்ணன்தான் அங்க ஏதோ பண்ணி வச்சிருக்கார். போய்க் கேளு" என்றார்.

படியேறினேன். மூன்று காலும் ஒரு செங்கலுமாக நிற்கும் அதே சோபாவில் அண்ணன் புதுச் சட்டை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் டிவியிலும் கட்டம்தான்.

"நான் என்ன பண்ணினேன்? உன் வீட்டுக்காரர் குரங்கு மாதிரி மேல ஏறி நின்னு ஆட்டிக்கிட்டே இருந்தா எப்படிம்மா வரும்? சும்மா இருக்கச் சொல்லு. நான் இப்பத்தான் இன்னும் கொஞ்சம் ஏத்தி விட்டேன், தானா வரும்."

குரங்கைப் படியிலேயே விட்டுவிட்டு, மீதியை மட்டும் கொல்லைப்பக்கம் போய் இவரிடம் சொன்னேன்.

"என்னைச் சும்மா இருக்கச் சொல்ல அவர் யாரு? நானும்தான் ஃபுல்லா ஏத்தி விட்டிருக்கேன்!"

"எதைங்க ஏத்தினீங்க?"

"பூஸ்டரைத்தான். நேத்து வாங்கிட்டு வந்து கம்பத்துலயே மாட்டிட்டேன். புள்ள முகம் பளிச்சுனு தெரிய வேண்டாமா?"

பூஸ்டர் என்பது சிக்னலைப் பெருக்கித் தரும் சின்ன டப்பா. அப்படியென்றால் அண்ணன் எதை ஏற்றினார்? மூச்சு வாங்க மறுபடியும் மாடிக்கு ஓடினேன்.

"பூஸ்டரைத்தாம்மா. நேத்து வாங்கிட்டு வந்து பெட்டிக்குள்ள மாட்டினேன்" என்றார் அண்ணன். "பாப்பா முகம் பளிச்சுனு தெரிய வேண்டாமா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. ஒளிபரப்புக் கோபுரம் எங்கள் மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் இருக்கிறது. நேற்றுவரை காற்று பலமாக அடித்தால் மட்டும் படம் ஒரு நொடி உடையும், அவ்வளவுதான். ஒரு பூஸ்டரே தேவையில்லாத வீட்டில், ஒருவருக்கொருவர் சொல்லாமல் இரண்டை மாட்டி, படம் உடைய உடைய இரண்டு பேரும் போட்டி போட்டு ஏற்றியிருக்கிறார்கள். இரண்டு பேர் ஒரே நேரத்தில் காதுக்குள் கத்தினால் எனக்கே எதுவும் புரிவதில்லை. பாவம், டிவிக்கு என்ன புரியும்?

"ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை நீங்க ரெண்டு பேரும் பேசியிருந்தா!" என்று கத்திவிட்டு வெளியே வந்து பெட்டியைத் திறந்தேன். அறைக்குள் அண்ணன் டிவியில் விளம்பரம் திக்கித் திக்கி ஓடிக்கொண்டிருந்தது. அது முடிந்தால் வானிலை.

இரண்டில் ஒன்று போனாலே படம் வந்துவிடும் என்று அண்ணன் பூஸ்டரைத் திருகிக் கழற்றி எறிந்தேன். மேலேயிருந்து வரும் கேபிளை, இரண்டாகப் பிரிக்கும் துண்டில் நேராக மாட்டினால் போதும். மாட்டப் பார்த்தால் திருகு நிற்கவில்லை. அண்ணன் கேபிளின் முனையைச் சமையலறைக் கத்தரிக்கோலால் வெட்டி, திருகு மூடியை நசுக்கி வைத்திருந்தார். விரலால் அழுத்திப் பிடித்தேன்.

"வந்திடுச்சு! வந்திடுச்சு!" என்று அண்ணன் உள்ளேயிருந்து கூவினார்.

கையை எடுத்தேன்.

"போயிடுச்சு!"

மறுபடியும் அழுத்தினேன். அண்ணன் போட்ட சத்தத்தில் என் கணவர் மொட்டை மாடிப் படி வழியாகவே தடதடவென்று இறங்கி வந்தார். "நகரு, நகரு" என்று என்னையே ஒதுக்கிவிட்டு, செருப்பைக்கூடக் கழற்றாமல், சோபா உடைந்த நாளிலிருந்து மிதிக்காத அந்த அறைக்குள் போனார். செங்கல் கரகரவென்று நகர்ந்தது. உட்கார்ந்துவிட்டார்.

"யாராவது வந்து இதைப் பிடிங்க!"

"இதோ வர்றேன்" என்றார் இவர்.

"இதோ வர்றேம்மா" என்றார் அண்ணன்.

யாரும் வரவில்லை. வானிலைக்கு முன்னால் வரும் இசை முடிந்தது. "அனைவருக்கும் வணக்கம்" என்று என் மகளின் குரல் கேட்டது.

"என்னங்க! அண்ணா!"

"கையை எடுத்துடாதே!" என்று இரண்டு பேரும் ஒன்றாகக் கத்தினார்கள். சோபா விஷயத்துக்குப் பிறகு இருவரும் ஒத்துப்போனது அதில் மட்டும்தான்.

கையை எடுத்தால் அவர்களுக்கும் படம் இல்லை, நான் உள்ளே ஓடினாலும் எனக்கும் இல்லை. பற்றிக்கொண்டு வந்தது. அடுத்த அறையில் என் மகள் நிற்கிறாள், நான் சுவரைப் பார்த்து நிற்கிறேன். என்ன உடை உடுத்தியிருக்கிறாள் என்றுகூடத் தெரியவில்லை. "வடக்குப் பகுதிகளில்" என்று தொடங்கியவள் குரல் நடுங்கி ஒரு கணம் நின்றுவிட்டது.

வலது கையால் கேபிளை அழுத்திக்கொண்டே இடது கையால் என் தோட்டைத் தொட்டேன். அவளுக்குத் தெரியப்போவதில்லை. இருந்தாலும் தொட்டேன். அவள் மறுபடி தொடங்கினாள். பிறகு மேகமும் காற்றும் மழையும் கடகடவென்று வந்தன. கடைசியில் ஒரு சின்ன இடைவெளி. அதன் பிறகு "வணக்கம்."

இரண்டு பேரும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார்கள்.

"எப்படிச் சொன்னா பாத்தீங்களா மாப்பிள்ளை!"

"என் பொண்ணு ஆச்சே மச்சான்! ஆனா கடைசியில காதைச் சொறிஞ்சிருக்க வேண்டாம்."

"கொசு கடிச்சிருக்கும். வலது காதுதானே?"

"இடது."

"திரையில வலது பக்கம்தானே தெரிஞ்சுது?"

"திரையில வலதுன்னா அவளுக்கு இடது மச்சான்!"

அப்போதுதான் இவர் என்னைப் பார்த்தார். நான் இன்னும் கேபிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். விரல் நுனி சிவந்து போயிருந்தது.

"ஐயையோ," என்றார் மெதுவாக. "நீ பாக்கவே இல்லையா?"

நான் வாயைத் திறந்திருந்தால் வீட்டில் இன்னொரு சோபா உடைந்திருக்கும். அதற்குள் என் போன் அடித்தது.

"அம்மா, நடுவுல நின்னுட்டேன்மா. செத்தேன்னு நினைச்சேன். உன்னை நினைச்சுக்கிட்டுத்தான் மிச்சத்தைச் சொன்னேன். கடைசியில தொட்டேனே, பாத்தியா?"

கேபிளை விட்டேன்.

"நீ நின்னியே, அப்பவே நானும் தொட்டேன்டி" என்றேன்.