கோடு அறுந்த இடம்

அக்கா எடுத்த அளவுகளுக்கு நேரே நான் பூஜ்யம் போட வேண்டியிருந்தது.

எங்கள் நிறுவனம் பொதுவில் பகிரும் தரவுகளை யார் பயன்படுத்தினார்கள் என்று கணக்கெடுப்பது என் வேலை. அக்கா அங்கே ஆய்வுக்கூட உதவியாளர்; எங்கள் எல்லாருக்கும் அவள் அக்காதான். பதினோரு வருடமாகத் தினமும் காலையில் ஆற்று நீரின் வெப்பநிலையை அளந்து பதிவேற்றுகிறாள். ஆனால் எந்த ஆய்வுக் கட்டுரையின் மேற்கோள் பட்டியலிலும் அது இல்லை. பூஜ்யம் என்றால் அளவெடுப்பு நின்றுவிடும். அக்காவைக் கிடங்குக்கு மாற்றிவிடுவார்கள்.

"மூவாயிரம் பேர் என் ஃபைலை இறக்கியிருக்காங்கன்னு சொன்னியே?"

"அது சேராதுக்கா. இறக்கினவங்க எல்லாரும் திறந்து பாத்தாங்களான்னு கேப்பாங்க."

"அடிப்பாவி, நீயே நம்ம டைரக்டர் மேடம் மாதிரி பேசுற."

கோப்பை மறுபடி பார்த்தேன். ஏழாம் வருடத்தில் ஒன்பது நாள் காலியாக இருந்தது. கேட்டேன்.

"அப்பதான் என் பொண்ணு பொறந்தா. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. பத்தாம் நாள் அவளையும் தூக்கிட்டு ஆத்துக்குப் போயிட்டேன். எங்க வீட்டுக்காரர் ஒரு வாரம் முகங்கொடுத்துப் பேசல."

அன்றிலிருந்து ஆற்று நீர் பற்றிய கட்டுரைகளைத் திறந்து வரைபடங்களை மட்டும் பார்த்தேன். நான்காவது கட்டுரையில் கோடு அறுந்திருந்தது. அதே வருடம், அதே ஒன்பது நாள். மூன்று நாளில் அப்படிப் பதினான்கு கட்டுரைகள் கிடைத்தன. எல்லாவற்றிலும் 'பொதுவில் கிடைத்த தரவு' என்று மட்டும் இருந்தது. ஒருவர் மட்டும் அறுந்த இடத்தில் புள்ளிக்கோடு போட்டு, அந்த நாட்களைச் சராசரியால் நிரப்பியதாக அடிக்குறிப்பு எழுதியிருந்தார்.

அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "நான் வலியில கிடந்தப்போ தண்ணி இருபத்திநாலு டிகிரின்னு இவருக்கு யார் சொன்னா?"

மேடத்தின் அறையில் நான் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிவிட்டு வருபவள்; அன்று படங்களோடு போனேன். அவர் பதினான்கு படங்களையும் பொறுமையாகப் பார்த்தார்.

"கோடு அறுந்திருக்கறதுக்கு இந்தப் படிவத்துல இடமில்லையேம்மா."

"கட்டுரை எழுதினவங்களே இது நம்ம தரவுன்னு எழுதிக் குடுத்தா சேத்துப்பீங்களா மேடம்?"

பேசியது நான்தானா என்று எனக்கே சந்தேகம்.

"வெள்ளிக்கிழமைக்குள்ள," என்றார்.

பதினான்கு பேருக்கும் எழுதினேன். வியாழன் வரை ஐந்து பேர் ஒப்புக்கொண்டார்கள். மேடம் பூஜ்யத்தை அடித்துவிட்டு ஐந்து என்று எழுதி, "இன்னும் ரெண்டு வருஷம் அளக்கட்டும்," என்றார்.

ஐந்தில் ஒரு கடிதத்தில் மட்டும் ஒரு கேள்வி இருந்தது. கட்டுரைக்குத் திருத்தம் வெளியிடப் போகிறார்கள். கோப்பில் நிறுவனத்தின் பெயர் மட்டுமே இருக்கிறது. அளந்தவர் யார்?

அக்கா ஈரக் கையோடு வந்து திரையைப் படித்தாள்.

"என் பேரையா கேக்குறாங்க?"

"ஆமாக்கா."

பக்கத்து நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். நான் அடித்தேன்.

"அனுப்பட்டுமா?"

"இரு. ஒரு தடவை சத்தமாப் படி."

படித்தேன்.

"இன்னொரு தடவை," என்றாள்.