கூரத்தில் கேட்ட ஆங்கிலம்

பாலாற்றங்கரைப் பல்கலைக்கழகம் சமுதாய வானொலி தொடங்கிய நாளில், "பட்டும் சரிகையும் போல இங்கே தமிழும் ஆங்கிலமும் கலந்து ஒலிக்கும்" என்று அப்போதைய துணைவேந்தர் மேடையில் பேசினார். இதில் எது பட்டு, எது சரிகை என்று தமிழ்த் துறைக்கும் ஆங்கிலத் துறைக்கும் அன்றைய மதியச் சாப்பாட்டிலேயே தகராறு வந்துவிட்டது. கடைசியில் காலையும் பகலும் தமிழுக்கு, மாலை ஏழிலிருந்து ஒன்பது வரை ஆங்கிலத்துக்கு என்று பாகம் பிரித்துக்கொண்டார்கள்.

ஆங்கிலப் பாகம் ஏலவார்குழலியின் தலையில் விழுந்தது. காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீட்டுப் பெண், ஆங்கிலத்தில் எம்.ஏ. இலக்கணத்தை விளையாட்டாக எடுத்துக்கொள்கிற ஆள் இல்லை. மைக் முன்னால் உட்கார்ந்தால், எதிரே நாற்பது பேர் வீட்டுப்பாடம் எழுதாமல் நிற்கிற மாதிரிதான் இலக்கணப் பாடம் நடத்துவாள்.

தமிழ் நேரத்தில் தொலைபேசி ஓயாது. சின்ன காஞ்சிபுரத்தில் தறியில் உட்கார்ந்தபடியே பாட்டுக் கேட்பார்கள். ஒருவர் மாமியாருக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லிவிட்டு, "எப்ப அத்த ஊருக்குக் கெளம்பறீங்க?" என்று நேரலையிலேயே விசாரித்தார். ஆங்கில நேரத்தில் ஏலவார்குழலி நிலையத்தின் எண்ணை நிறுத்தி நிறுத்தி இரண்டு முறை சொல்வாள். யாரும் கூப்பிட மாட்டார்கள். ஒரே ஒருமுறை மணி அடித்தது. கேஸ் சிலிண்டர் எப்போது வரும் என்று கேட்டார்கள்.

ஆறு வருடம் இப்படியே ஓடியது. வானொலியின் வரலாற்றை ஒரு படமாக எடுக்கச் சொல்லி உத்தரவு வந்தபோதுதான் வினை ஆரம்பித்தது. நிலைய இயக்குநர் ஆனந்தகுமார் தமிழ் நேயர்கள் பலரைப் பேட்டி எடுத்துவிட்டார். ஆங்கிலத்துக்கு ஒருவர்கூட அகப்படவில்லை.

"தப்பா நெனைக்காதம்மா. கேக்கறதுக்கு ஆளே இல்லாம எதுக்குப் பேசிக்கினு இருக்கணும்? திங்கக்கெழமையில இருந்து ஏழு மணிக்கும் பாட்டு போட்டுடலாம். நீ காலையில சமையல் குறிப்பு பாத்துக்க."

சாம்பாருக்குப் புளியை எப்போது கரைத்து ஊற்றுவது என்பதையே ஏலவார்குழலி அம்மாவிடம் கேட்டுத்தான் சொல்ல வேண்டும். விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

திங்கட்கிழமை பாட்டு ஒலித்தது. செவ்வாய்க்கிழமை காலை நிலையத்தைத் திறக்கும்போதே மணி அடித்துக்கொண்டிருந்தது.

"சார், கூரத்துலருந்து முனிசாமி பேசறேன். அந்த இங்கிலீஷ் அம்மா எங்க?"

அவரை அடுத்து இன்னொருவர், பிறகு இன்னொருவர். எல்லோரும் கூரம் பக்கத்து விவசாயிகள். ஆனந்தகுமார் ஆடிப்போனார். அன்று மாலையே பிரேம்நாத் என்ற மாணவனை ஆங்கிலத்தில் பேச வைத்தார். பையன் தேன் ஒழுகப் பேசினான். மறுநாள் மறுபடியும் முனிசாமி.

"அந்தத் தம்பி பேச்சு வேலைக்கு ஆவல சார். அம்மாவே வரணும்."

செய்தி இப்போதைய துணைவேந்தர் காசிநாதனுக்குப் போயிற்று. "கிராமத்து விவசாயிகள் ஆங்கிலத்துக்காகப் போராடுகிறார்களா!" என்று நாற்காலியை விட்டே எழுந்துவிட்டார். படத்தின் கடைசிக் காட்சியைக் கூரத்திலேயே எடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டார். ஏலவார்குழலியை அழைத்துவர வீட்டு வாசலுக்குக் காரே வந்தது. மாம்பழ நிறத்தில் அரக்கு பார்டர் போட்ட பட்டுச் சேலை கட்டிக்கொண்டு ஏறினாள். வழியெல்லாம், பேட்டியில் அடக்கமாகச் சிரிப்பது எப்படி என்று யோசித்துக்கொண்டே போனாள்.

கூரத்தில் முனிசாமி வேர்க்கடலைக் கொல்லையில் நின்றிருந்தார். நடுவில் ஒரு மூங்கில் கம்பு. அதில் பாலித்தீன் பை போர்த்திய ரேடியோ. துணைவேந்தர் கேமராவைப் பார்த்தபடி, "ஐயா, இந்த ஆங்கில நிகழ்ச்சியால உங்க வாழ்க்கையில என்ன மாற்றம் வந்தது?" என்று கேட்டார்.

"பன்னி வர்றதில்லங்க."

"என்ன வர்றதில்ல?"

"காட்டுப்பன்னி சார். பொழுது சாஞ்சா கூட்டமா வந்து மல்லாட்டையத் தோண்டிப்புடும். பாட்டு போட்டா ஜாலியா மேயுது. நியூஸ் அதுக்குப் பழகிப்போச்சு. இந்தம்மா குரல் கேட்டா மட்டும் ஒண்ணும் கிட்ட வராது. ஒம்போது மணிக்கு மேல நாங்க பட்டாசு வெடிச்சிச் சமாளிச்சிக்கறோம்."

கேமராக்காரரின் தோள் குலுங்கியது. துணைவேந்தர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஏலவார்குழலிக்குக் காது மடல் இரண்டும் கொதித்தன. நடவு வயலாக இருந்திருந்தால் சேற்றில் அப்படியே இறங்கிப் புதைந்திருப்பாள்.

"அப்படி என்ன இருக்குது என் குரல்ல?" என்று கேட்டாள். குரல் அவளை அறியாமல் உயர்ந்தது. வரப்பில் மேய்ந்துகொண்டிருந்த ஆடு ஒன்று நிமிர்ந்து பார்த்தது.

"தோ, இதான்மா!" என்றார் முனிசாமி, பூரித்துப்போய்.

அதுவரை ஓரமாக நின்றிருந்த அவர் மனைவி பொன்னியம்மாள் முன்னால் வந்தாள். "நீ இருய்யா. யம்மா, நான்தான் தெனமும் இங்க காவலுக்குக் குந்தினு இருக்கேன். ஒண்ணு கேக்கணும். 'ஹேட் பீன்', 'ஹேட் பீன்'னு மூணு நாளா சொன்னியே, அந்த வேல முடிஞ்சுதா, முடியலியா? அதுக்குள்ள பாட்டு போட்டுட்டாங்க."

ஏலவார்குழலி அவளையே பார்த்தாள். ஆறு வருடத்தில் முதன்முதலாக ஒருவர் கேட்ட சந்தேகம். அதுவும் சரியான சந்தேகம். சேலை அழுக்காகும் என்பதையும் மறந்து வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டாள். "வாங்க, சொல்றேன்" என்றாள். துணைவேந்தர் காரில் ஏறி இரண்டு முறை ஹாரன் அடிக்கச் சொன்ன பிறகும் பாடம் முடியவில்லை.

வரலாற்றுப் படத்தில், "வேளாண்மையின் வளர்ச்சிக்கு ஆங்கில ஒலிபரப்பு ஆற்றிவரும் தொண்டு" என்று ஒரு பகுதி வந்தது. பன்றியைப் பற்றிய பேச்சு எதுவும் இல்லை. அடுத்த திங்கட்கிழமை ஏழு மணிக்கு ஏலவார்குழலி மைக் முன்னால் உட்கார்ந்து வணக்கம் சொல்லி நாலு வரி பேசுவதற்குள் மணி அடித்தது.

"யம்மா, பொன்னி பேசறேன்."

"சொல்லுங்க பொன்னியம்மா. என்ன சந்தேகம்?"

"சந்தேகம்லாம் அப்பறம் கேக்கறேன். இன்னிக்கு ரொம்ப சிரிச்சிச் சிரிச்சிப் பேசறியேம்மா. கொஞ்சம் கோவமா பேசு. கரும்புப் பக்கம் சலசலங்குது."

ஏலவார்குழலி தொண்டையைச் செருமிக்கொண்டு, ஒலியைக் கூட்டும் குமிழைத் திருகினாள்.