ஞாயிற்றுக்கிழமை ஐம்பத்தாறு

ஸ்கேட்டிங் சார் ஜெனில், நோட்டில் பொய் நேரம் எழுதுகிறான் என்று அஜேஷ் முடிவுகட்டி மூன்று வாரமாகிவிட்டது. மகள் அஞ்சு ஐந்நூறு மீட்டரை வார நாட்களில் ஐம்பத்திரண்டு வினாடியில் முடிக்கிறாளாம். ஜெனிலின் நோட்டு அப்படித்தான் சொல்கிறது. ஞாயிற்றுக்கிழமை அஜேஷே தனுவச்சபுரத்து சிமெண்ட் தளத்தின் கம்பியோரம் நின்று போனில் நேரம் பார்த்தால் ஐம்பத்தாறு. நாலு வினாடி எங்கே போய் ஒளிந்துகொள்ளும்? மாவட்ட அணிக்கு ஐம்பத்துமூன்றுக்குள் வரவேண்டும். தேர்வு வருகிற ஞாயிறு. தவறினால், அடுத்த வருஷம் பெரிய பிள்ளைகளோடு மல்லுக்கட்ட வேண்டியதுதான்.

சக்கரங்களைக் கழற்றிப் பார்த்தான். அவள் தண்ணீர்ப் பாட்டிலை முகர்ந்துகூடப் பார்த்தான். வெறும் தண்ணீர்.

"காலு நல்ல உறப்பாயிட்டு அண்ணா. பாய்ச்சலும் கூடியிருக்கு. ஒடம்புல ஒரு குறையும் இல்ல" என்றான் ஜெனில்.

"பின்னெ ஞாயிறு மட்டும் காலுக்கு லீவா?"

ஜெனில் தலையைச் சொறிந்தான். அஜேஷின் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. கள்ளன்தான் என்று அஜேஷுக்கு உறுதியாயிற்று.

செவ்வாய்க்கிழமை, தான் வேலைபார்க்கும் அம்பூரி ரப்பர்க் கடையில் பல்வலி என்று புளுகிவிட்டு பஸ் ஏறினான். தளத்துக்கு வெளியே நின்ற வேனுக்குப் பின்னால் பதுங்கி, விசில் கேட்டதும் போனை அமுக்கினான்.

வளைவில் அஞ்சு தரையோடு தரையாகக் குனிந்து போனாள். யாரும் கத்திச் சொல்லவில்லை. பல் தெரியச் சிரித்துக்கொண்டே கோட்டைத் தாண்டினாள். ஐம்பத்தொன்றரை.

போன்தான் கெட்டுப்போச்சு என்று நினைத்தான். இரண்டாம் முறை பார்த்தான். ஐம்பத்திரண்டு. மூன்றாவது ஓட்டத்தில் சந்தோஷம் தாங்காமல் கம்பியை நோக்கி ஓடினான்.

"குனி மக்கா! குனி! கைய வீசு!"

அஞ்சுவின் தோள் விறைத்தது. வளைவில் கால் தடுமாறியது. கோட்டைத் தாண்டியபோது ஐம்பத்தேழு.

ஜெனில் பக்கத்தில் வந்தான். குரல் தாழ்ந்திருந்தது. "நான் ஞாயிறு ஞாயிறு காணுயது இதாக்கும். எப்பிடிச் சொல்லுயது அண்ணா?"

அஜேஷுக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. கோபப்படக்கூட ஆள் கிடைக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் அஞ்சு ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடியே கேட்டாள்.

"அப்பா, செலெக்‌ஷனுக்கு வருவியளா?"

அதற்கென்றே புதுச் சட்டை வாங்கி இஸ்திரி போட்டு வைத்திருந்தான். கடையில் இரண்டு பேரிடம் பெருமையும் பேசியாகிவிட்டது.

"இல்ல மக்கா. அண்ணைக்கு கடையில சரக்கு ஏத்தணும். நீ அம்மைகூட போ."

"அய்யோ" என்றாள் அஞ்சு. "சாரமில்ல அப்பா, பரவாயில்ல."

வருத்தமாக இருப்பதுபோல் உதட்டைச் சுழித்துக்கொண்டாள். மூன்று வாரமாகப் பொய்யைத் தேடி அலைந்தவனுக்கு இந்தப் பொய்யைக் கண்டுபிடிக்க ஒரு நொடி போதுமாயிருந்தது. அவளுக்குச் சந்தோஷம். அதைப் பார்க்க முடியாமல் அவன் டிக்கெட்டைத் தேடுவதுபோல் சட்டைப் பைக்குள் கைவிட்டான்.