கை விழுந்த படங்கள்

"அண்ணி, மூணு மணிக்கு வண்டி வந்துடும். அண்ணனோட சமீபத்துப் போட்டோ ஒண்ணுகூடவா இல்ல?"

கொழுந்தன் மூன்றாம் முறையாக அறைவாசலில் வந்து நின்றான். அவள் மடிக்கணினியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"இருப்பா, தேடிக்கிட்டுதானே இருக்கேன்," என்று எரிந்து விழுந்தாள். இருப்புக்கொள்ளவில்லை. எழுந்து ஜன்னலைத் திறந்தாள், மூடினாள், மறுபடி வந்து உட்கார்ந்தாள்.

பதினோராயிரம் படங்கள். எல்லாவற்றிலும் பொம்மைகள். பஸ் ஓட்டும் கரடி, டிக்கெட் கிழிக்கும் ஒற்றைக்கால் சிப்பாய். லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவர், வேலை முடிந்து வந்ததும் சாப்பாட்டு மேசையில் பொம்மையை நூலளவு நகர்த்துவார். அவள் கேமரா பட்டனை அமுக்குவாள். மறுபடி ஒரு நூல், மறுபடி பட்டன். ஒரு மாலை முழுக்க மல்லுக்கட்டி, எடுத்த படங்களை வரிசையாக ஓட்டினால் கரடி பஸ்ஸை விட்டு இறங்கும். "ஏழு கழுதை வயசாச்சு, இன்னும் பொம்மை விளையாட்டு" என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வது அவருக்கு உறைத்ததே இல்லை.

அவர் கைதான் தொல்லை. அவர் எடுப்பதற்குள் அவள் அமுக்கிவிடுவாள். தப்பு யாருடையது என்று சண்டை வரும். "கை! கையை எடுங்க!" என்று அவள் கத்தாத நாளில்லை. கை விழுந்த படங்களைப் பொறுக்கி அழிப்பது அவள் வேலை. ஞாயிறுதோறும் ஒன்று விடாமல் அழிப்பாள். அதில் ஒரு பெருமைகூட.

நேற்று மதியம் வேலையிடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எத்தனை வருடம், எத்தனை கை! தேடித் தேடி அழித்தேனே பாவி.

கடைசியாக எடுத்தவற்றை இன்னும் பொறுக்கவில்லை. அவசரமாகத் தள்ளினாள். கரடி. கரடி. கரடி. அப்புறம் கை. லிஃப்ட் கதவில் நசுங்கி நகம் கறுத்த கட்டைவிரல், கரடியின் முதுகைத் தாங்கிப் பிடித்திருந்தது.

"கிடைச்சிடுச்சு!"

கொழுந்தன் ஓடிவந்து குனிந்து பார்த்தான். "இது கைதானே அண்ணி. மாலை போட முகம் வேணும்ல." கொஞ்சம் தயங்கினான். "சரி, வேலைக்கு மாட்டிட்டுப் போற அட்டையில இருக்கிறதையே பெருசு பண்ணிக்கிறேன்."

அதில் அவர் திருடி மாட்டிக்கொண்டவர் மாதிரி முழிப்பார்.

மூன்றரைக்கு வண்டி வந்தது. அவரைக் கழுத்துவரை வெள்ளைத் துணி போர்த்தி நடுக்கூடத்தில் கிடத்தினார்கள். எல்லோரும் முகத்தைப் பார்த்தார்கள். அவள் பக்கவாட்டில் உட்கார்ந்து துணிக்குள் துழாவினாள்.

"என்னம்மா தேடுற?" என்றாள் மாமியார், அழுகைக்கு நடுவே.

வலது கையை மெல்ல வெளியே எடுத்துத் துணியின் மேல் வைத்தாள். நகம் கறுப்பாகவே இருந்தது. வண்டிக்காரர் பழக்கதோஷத்தில் துணியை இழுத்து மூடப் போனார்.

"மூடாதீங்க," என்றாள். "கை தெரியட்டும்."

வண்டிக்காரர் துணியை விட்டுவிட்டுத் தள்ளி நின்றார்.