போடாத கையெழுத்துக்கு நன்றி

"உனக்குப் பேச வராதா, இல்ல பேசப் பிடிக்காதா?"

வரலாற்று ஆசிரியர் இப்படிக் கேட்டபோது டார்லிஸ் போஸ்ட்மாவுக்குப் பதினாறு வயது. வகுப்பே திரும்பிப் பார்த்தது. இரண்டும் இல்லை என்பதுதான் பதில். சொல்ல வேண்டியது தொண்டை வரை ஒழுங்காக வரும். அங்கே நின்று வெளியே எட்டிப் பார்க்கும். கூட்டத்தைக் கண்டதும் திரும்பிப் போய்விடும். அந்த வெள்ளிக்கிழமை புத்தகங்களைப் பள்ளி அலமாரியில் வைத்துவிட்டு வந்தவள் அப்புறம் அந்தப் பக்கம் போகவில்லை.

இப்போது அவளுக்கு இருபத்தேழு. அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், நியூ ஹார்லிங்கன் முதியோர் இல்லத்தின் சலவை அறையில் வேலை. நான்கு இயந்திரங்கள் ஓயாமல் உறுமும் இடத்தில் யாரும் யாரையும் பேசச் சொல்வதில்லை. மடித்த துண்டுகளுக்கு அடியில் எப்போதும் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். யாராவது உள்ளே வந்தால் அதன்மேல் இன்னொரு துண்டு விழும்.

அவளைக் கண்டுபிடித்தவர் வெர்லின் ஹ்யூஸ்மன். ஆண்டுக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய தேவாலயத்தில் காணிக்கைத் தட்டில் கடிதங்கள் விழும். ஏழை நாட்டுக் குழந்தைகளின் சாப்பாட்டுக்கு ஒதுக்கும் நிதியைக் குறைக்காதீர்கள் என்று, வாஷிங்டன் நாடாளுமன்றத்தில் இருக்கும் தங்கள் பிரதிநிதிக்குச் சபையார் கையால் எழுதும் கடிதங்கள். போதகர் தட்டைத் தூக்கி ஜெபித்து முடித்ததும் வெர்லின் அவற்றை அள்ளிக்கொண்டுபோய்ப் பிரதிநிதியின் உள்ளூர் அலுவலகத்தில் நேரில் கொடுப்பார். நாற்பது வருஷம் பன்றி வளர்த்துவிட்டு, பண்ணையை மகனிடம் ஒப்படைத்த மறுநாளே இந்த வேலையைப் பிடித்துக்கொண்ட மனிதர். அந்த வருஷம் எல்லோரும் நாலு வரி எழுதியிருக்க, ஒரே ஒரு கடிதம் பதினோரு பக்கம் இருந்தது.

"உன் கடுதாசியால தட்டே ஒரு பக்கமா சாஞ்சிடுச்சும்மா," என்றார் தேவாலயத்து வாசலில். "எங்க கூட வந்துடு. நீ பேசவே வேண்டாம், எழுதினா போதும். ஜெனீவா எழுதினா மருந்துச் சீட்டு மாதிரி இருக்கு. நான் எழுதினா எனக்கே புரியல."

ஜெனீவா டைக்ஸ்ட்ரா நைஜர் நாட்டு மிஷன் மருத்துவமனையில் ஆறு வருஷம் நர்ஸாக இருந்தவர். அங்கிருந்து கொண்டுவந்த ஓர் அளவு நாடாவை டார்லிஸுக்குக் கொடுத்திருந்தார். பச்சை, மஞ்சள், சிவப்பு என்று நிறம் போட்ட மெல்லிய நாடா. குழந்தையின் மேற்கையில் சுற்றிப் பார்ப்பார்கள். சிவப்பில் நின்றால் குழந்தை பட்டினியில் கரைந்துகொண்டிருக்கிறது. உடனே சத்து சேர்த்த வேர்க்கடலை விழுது கொடுக்க ஆரம்பிக்க வேண்டும். அந்த விழுது வாங்கும் நிதிக்காகத்தான் இவர்கள் மூவரும் நடையாய் நடந்தார்கள். டார்லிஸ் அந்த நாடாவை நோட்டுப் புத்தகத்தில் பக்க அடையாளமாக வைத்திருந்தாள்.

பிரதிநிதியைப் பார்க்கப் போவதற்கென்று அவர்களிடம் ஒரு முறை இருந்தது. முதலில் நன்றி சொல்ல வேண்டும். போன வருஷம் செய்ததற்காவது சொல்ல வேண்டும். திட்டிக்கொண்டே உள்ளே வருபவருக்கு யாரும் நாற்காலி போடுவதில்லை. அடுத்து ஜெனீவா தான் கண்டதைச் சொல்வார். கடைசியில் வெர்லின், "செய்வீங்களா?" என்று நேராகக் கேட்பார். கேட்டவர் அதற்குமேல் வாயைத் திறக்கக் கூடாது, பதில் வர எவ்வளவு நேரமானாலும். இந்தக் கடைசி விதியை வெர்லின் ஒருமுறைகூடக் காப்பாற்றியதில்லை. கேட்டு முடித்த சூட்டோடு, "அவசரமில்ல, நல்லா யோசிச்சே சொல்லுங்க" என்று தானே தப்பிக்கும் வழியைக் காட்டிவிடுவார். பிரதிநிதியின் உதவியாளர் ஷெல்பி அந்த வழியைத் தவறவிட்டதே இல்லை.

ஒவ்வொரு மார்ச் மாதமும் வாஷிங்டனில் நாடாளுமன்ற உறுப்பினர்களுக்குள் ஒரு கடிதம் சுற்றும். குழந்தைகளின் ஊட்டச்சத்து நிதியில் கைவைக்க வேண்டாம் என்று நிதிக் குழுவைக் கேட்கும் கடிதம். எத்தனை பேர் கையெழுத்துப் போடுகிறார்களோ அவ்வளவு பலம். பிரதிநிதி டெல்மர் ஹாகன் போன வருஷம் போட்டார். இந்த வருஷம் இன்னும் போடவில்லை. வெள்ளிக்கிழமை கடைசி நாள். ஷெல்பி வாஷிங்டன் அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டால் போதும், பெயர் சேர்ந்துவிடும். அந்த ஒரு போன்தான் நகர மாட்டேன் என்றது.

அந்த நேரத்தில்தான் டார்லிஸ் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்தாள். உள்ளூர் வார இதழுக்கு, வாழ்க்கையில் முதன்முறையாக ஊரே பார்க்கும்படி தன் பெயர் போட்டு, வாசகர் கடிதம் எழுதினாள். எழுதும் முன், ஹாகன் கையெழுத்துப் போட்டுவிட்டாரா என்று நூலகத்துக் கணினியில் தேடினாள். பட்டியலில் அவர் பெயர் இருந்தது. சந்தோஷத்தில் அதை அச்செடுத்துக்கொண்டாள். இவ்வளவு நாள் கேட்டவர்கள் நாம். முதலில் நன்றி சொல்ல வேண்டியவர்களும் நாம்தானே? 'இந்த ஆண்டும் எங்கள் பிரதிநிதி பசித்த குழந்தைகளின் பக்கம் நின்றிருக்கிறார்' என்று தொடங்கி, அழகாக எழுதி அனுப்பினாள்.

புதன்கிழமை காலை இதழில் கடிதம் வந்தது. ஒன்பது மணிக்கு வெர்லின் சலவை அறைக்கே ஓடிவந்து, "அடிப்பாவி, இப்படி எழுதுவியா நீ!" என்று அவளைத் தோளோடு அணைத்துக்கொண்டார். பத்து மணிக்கு மறுபடி வந்தார். இந்த முறை மெதுவாக வந்தார். தொப்பி கையில் இருந்தது.

"ஷெல்பி போன் பண்ணினா. அவரு கையெழுத்தே போடலையாம். நீ எந்தப் பட்டியலம்மா பாத்த?"

டார்லிஸ் நோட்டுப் புத்தகத்திலிருந்து அச்செடுத்த தாளை உருவிக் கொடுத்தாள். வெர்லின் கண்ணாடியை மாட்டி, தாளின் மேல் ஓரத்தில் சிறிய எழுத்தில் இருந்த தேதியைக் காட்டினார். போன வருஷத்துத் தேதி. வருஷா வருஷம் அதே வாசகம், அதே கடிதம். எந்த வருஷம் என்பது அந்த மூலையில் மட்டும்தான் தெரியும்.

மத்தியானம் ஜெனீவாவின் சமையலறையில் மூவரும் கூடினார்கள். மேஜையில் ஆறிப்போன காப்பி.

"விட்டுத்தள்ளுங்க," என்றார் ஜெனீவா. "காலையிலேர்ந்து முப்பது பேரு அவரு ஆபீசுக்குப் போன் பண்ணி நன்றி சொல்லியிருக்காங்களாம். இனிமே போடாம எங்க போவாரு? கடவுள் பாத்துப் பண்ணின தப்பு இது."

"அதுல எட்டுப் பேரு, நம்ம பணம் வெளிநாட்டுக்கு எதுக்குன்னு திட்டறதுக்குப் பண்ணினவங்க. அதச் சொல்ல மாட்டியே நீ," என்றார் வெர்லின்.

"திட்டறவங்க எப்பவும் திட்டுவாங்க வெர்லின்."

"ஒரு பன்னிய மூலையில நெருக்கிப் பாத்திருக்கியா? நம்ம கால் நடுவுல பூந்து ஓடும். மல்லாக்க விழறது நாமதான். மூணு வருஷமா அந்தப் பொண்ணு ஷெல்பி நாம சொன்னா நம்பறா. ஒரு தடவ பொய்யின்னு ஆச்சு, அடுத்த வருஷம் வாசப்படி மிதிக்க முடியாது."

"பொய் சொல்லலையே! தெரியாமத்தானே..."

"தெரிஞ்சப்புறம் சும்மா இருந்தா அது என்ன?"

இதழில் திருத்தம் போடலாம் என்றால் அடுத்த இதழ் அடுத்த புதன்கிழமை. அதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும். வியாழக்கிழமை காலை ஹாகன் ஊருக்கு வருகிறார், கூட்டுறவுத் தானியக் கிடங்கின் கூடத்தில் மக்களோடு காப்பி குடிக்க. "நான் எந்திரிச்சு சொல்லிடறேன்," என்றார் வெர்லின். டார்லிஸ் அவரிடமிருந்த பேனாவை வாங்கி, தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினாள். *எழுதினது நான்.*

ஜெனீவா அதைப் படித்தார். வெர்லினைப் பார்த்தார். "அறுபது பேரு வருவாங்கம்மா," என்றார்.

டார்லிஸ் தலையாட்டினாள். தொப்பி போட்ட அறுபது தலைகளை அவள் அப்போதே எண்ணத் தொடங்கிவிட்டாள்.

மறுநாள் காலை கிடங்கின் கூடத்தில் காப்பிக் கொதிகலன் ஒரு மூலையில் முணுமுணுத்துக்கொண்டிருந்தது. தட்டுகளில் பன்றித் தொடைக்கறி வைத்த பன்னும், பேரீச்சம்பழத் துண்டங்களும். டெல்மர் ஹாகன் ஆஜானுபாகுவான மனிதர். அரசியலுக்கு வருவதற்கு முன் இதே கிடங்கில் சோளம் கொட்டியவர். எல்லோரும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். ஷெல்பி சுவரோரம் போனும் கையுமாக நின்றாள்.

முதலில் எழுந்தவர் லோவெல் என்ற விவசாயி. "டெல்மர், எங்க ஓடைப் பாலம் ரெண்டு வருஷமா தொங்குது. டிராக்டர சுத்துவழியில ஓட்டறேன். பேப்பரத் தொறந்தா நீ எந்த ஊருப் புள்ளைங்களுக்கோ சோறு போடறேன்னு போட்டிருக்கு. பாலத்துக்கும் ஒரு கையெழுத்துப் போடறது?"

சிரிப்பு எழுந்தது. ஹாகனும் சிரித்தார். பாலத்தைப் பற்றி நிறையப் பேசினார். கையெழுத்தைப் பற்றி மூச்சு விடவில்லை.

அடுத்து பைபிள் வகுப்பு நடத்தும் ஹெர்மினா எழுந்தார். "யாரு என்ன சொன்னாலும் சரி டெல்மர், நீ போட்ட கையெழுத்துக்காக எங்க வகுப்புல எல்லாரும் ஜெபம் பண்ணினோம். உங்கம்மா இருந்தா எவ்வளவு பெருமப்பட்டிருப்பா."

ஹாகன் ஒரு கணம் ஷெல்பியைப் பார்த்தார். பிறகு கையை நெஞ்சில் வைத்து, "ரொம்ப நன்றி ஹெர்மினா," என்றார்.

போடாத கையெழுத்து அவர் சட்டையில் ஒரு பதக்கம் போலக் குத்திக்கொண்டு நிற்பதை டார்லிஸ் பார்த்தாள். குத்திவிட்டது அவள்தான். இப்போது உட்கார்ந்தே இருந்தால் ஊருக்கும் தெரியாது, அவருக்கும் வசதி. நாளைக்கு வெள்ளிக்கிழமை தானாகக் கடந்துபோகும். நைஜர் மருத்துவமனைக்கு யாரோ ஒரு தாய் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருவாள், அலமாரியில் விழுது இருக்காது.

எழுந்தாள். நாற்காலி கிரீச்சிட்டது. தொண்டை வரை வந்தது வழக்கம்போல நின்று எட்டிப் பார்த்தது. அவள் நோட்டுப் புத்தகத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"அவரு கையெழுத்துப் போடல," என்றாள்.

"சத்தமா சொல்லும்மா," என்றது பின்வரிசை.

"இந்த வருஷம் போடல. போன வருஷம்தான் போட்டாரு. நான் பழைய பட்டியலப் பாத்துட்டு எழுதிட்டேன். தப்பு என்னோடது. யாரும் அவரத் திட்டாதீங்க." ஒரு மூச்சு வாங்கினாள். "நன்றியும் சொல்லாதீங்க."

யாரோ மெல்லச் சிரித்து உடனே நிறுத்தினார்கள். ஹாகனின் முகம் சிவந்து, பிறகு ஆறியது. "பரவாயில்லம்மா," என்றார் மென்மையாக. "எல்லாருக்கும் நடக்கறதுதான். உக்காரு."

அவள் உட்காரவில்லை.

"நாளைக்குக் கடைசி நாள். போடுவீங்களா?"

கேட்டாகிவிட்டது. இனி விதிப்படி வாயைத் திறக்கக் கூடாது. உலகத்தில் அவளுக்கு மிக நன்றாகத் தெரிந்த வேலை அது ஒன்றுதான்.

ஹாகன் காத்திருந்தார், எல்லோரும் செய்வதுபோல அவளே ஏதாவது சொல்லி அவரை விடுவிப்பாள் என்று. கொதிகலன் முணுமுணுத்தது. வெர்லினின் வாய் தானாகத் திறந்தது. ஜெனீவா அவர் காலை ஓங்கி மிதித்தார். வாய் மூடியது.

பக்கத்து வரிசையிலிருந்த லோவெலுக்குத்தான் பொறுக்கவில்லை. புத்தகத்திலிருந்து தொங்கிய நாடாவைக் காட்டி, "அது என்ன, ரிப்பனா?" என்றார் தாழ்ந்த குரலில்.

டார்லிஸ் அதை உருவி, சிவப்பில் நிற்கும்படி வளையமாக்கி அவர் கையில் கொடுத்தாள்.

"புள்ளைங்க கையச் சுத்திப் பாக்கறது," என்றார் ஜெனீவா. "ரெண்டு வயசுப் புள்ளையோட மேற்கை அவ்வளவுதான் இருக்கும், அங்க."

லோவெல் தன் விரல்களை உள்ளே விட்டுப் பார்த்தார். இரண்டு விரல் போனது. மூன்றாவது போகவில்லை. கொஞ்ச நேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். பன்றிக் குட்டிகளில் ஒன்று நோஞ்சானாகப் பிறந்தால் அடுப்பங்கரையில் போட்டுப் புட்டிப்பால் கொடுத்து வளர்க்கும் ஊர் அது. நாடாவை முன்வரிசைக்கு நீட்டினார். அங்கிருந்தவரும் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். ஹெர்மினா பார்த்தார். தடித்த, வெடித்த, மண் ஏறிய விரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக அந்த வளையத்துக்குள் போய் வந்தன. டார்லிஸ் நின்றுகொண்டே இருந்தாள்.

கடைசியில் நாடா ஹாகனிடம் வந்தது. அவரும் விட்டுப் பார்த்தார். அவருக்கு இரண்டாவது விரலே இறுக்கமாகத்தான் போனது. கழற்ற முயன்றார், பிறகு முயலவில்லை. நிமிர்ந்து லோவெலைப் பார்த்தார்.

"பாலமும் வேணும்," என்றார் லோவெல், தொப்பியைச் சரிசெய்தபடி. "அதுக்காக இது வேண்டாம்னு நான் சொல்லல."

ஹாகன் டார்லிஸைப் பார்த்தார். அவள் இன்னும் பதிலுக்குத்தான் காத்திருந்தாள், கோபமில்லாமல், அவசரமில்லாமல். அவர் சுவர்ப் பக்கம் திரும்பி, நாடா மாட்டிய கையை லேசாக உயர்த்தி, ஷெல்பியிடம் தலையை அசைத்தார்.

ஷெல்பி போனில் வாஷிங்டன் அலுவலகத்து எண்ணைத் தேடிக்கொண்டே நடந்தாள். டார்லிஸைக் கடக்கும்போது ஒரு நொடி நின்றாள். பிறகு கதவைத் திறந்து, பேச்சுச் சத்தம் கேட்காத இடம் தேடி வெளியே போனாள்.