சேர்ந்ததற்கு ஒரு காகிதம்

அறுபத்திரண்டாம் வருஷம் ஜூலையில் எனக்கு வந்த கடிதத்தில் 'விசிட்டிங் ஸ்காலர்' என்று இருந்தது. ஒரு வருஷம், சம்பளம் கிடையாது, மேஜையும் மைக்ராஸ்கோப்பும் உண்டு.

கோலார் தங்கவயலில் பொன் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய சயனைடு மண் மலை மலையாகக் கிடக்கிறது. அதில் ஒன்றும் முளைக்காது என்பார்கள். முளைக்கிறது. பதினொரு வகைப் புல்லைப் பிடுங்கிச் செய்தித்தாள்களுக்கு நடுவில் காயவைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் பெங்களூரில், பல்கலைக்கழகத்துத் தாவர ஆராய்ச்சி மையத்தின் டைரக்டர் என்னைக் கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு டெல்லிக்குப் போய்விட்டார்.

தங்கவயலில் நான் டீச்சராக இருந்த பள்ளிக்கூடம் ஒரு நிபந்தனையோடு லீவு கொடுத்தது. சனிக்கிழமைக்குள், மையத்தில் சேர்ந்ததற்கான ஜாயினிங் ரிப்போர்ட் வந்தாக வேண்டும். வராவிட்டால் லீவு ரத்து. தலைமையாசிரியை இதைக் கொஞ்சம் ஆசையோடுதான் சொன்னார்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு மையத்துக்குப் போனேன். ஹெட்கிளார்க் வெங்கடராமன் கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"விசிட்டிங்னு போட்டிருக்கேம்மா."

"ஆமாம் சார்."

"விசிட்டர் எப்படி ஜாயின் பண்ணுவார்? விசிட்டர் வருவார், போவார்."

"ஒரு வருஷத்துக்கு, சார்."

"வருஷம் பூரா வாங்கோ, யார் வேண்டாங்கறா? சேர முடியாது. டைரக்டர் வரட்டும்."

"எப்போது வருவார்?"

"அடுத்த வாரம். இல்லேன்னா அதுக்கடுத்த வாரம்."

சேராதவளுக்கு மேஜை கிடையாது. வாசலில் பியூன் கோவிந்தன் விசிட்டர் புத்தகத்தை நீட்டினார். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் 'புல்' என்று எழுதினேன்.

"ஆள் பேரு எழுதும்மா. சாரு என்னத்தான் கேப்பாரு."

டைரக்டர் பெயரை எழுதினேன்.

"அவரு டெல்லியில கீறாரே?"

"தெரியும்."

"செரி, குந்துங்க."

உட்கார்ந்தேன். செவ்வாயும் புதனும்கூட அந்த வாசல் பெஞ்சில்தான். பெங்களூரிலேயே மர்பி டவுனில் என் அண்ணன் ஜெயராமன் வீட்டில் தங்கியிருந்தேன். புதன்கிழமை சாயங்காலம் அண்ணி சந்திரம்மா கேட்டாள்.

"இன்னா பாஞ்சாலி, சேந்துட்டியா?"

"இன்னும் இல்ல அண்ணி. விசிட்டிங்னா சேர முடியாதாம்."

"விசிட்டிங்னா ஆஸ்பத்திரில நாலு மணிக்கு உள்ள உடுவாங்களே, அதுதானே? பக்கத்து வூட்டு லட்சுமம்மா கேட்டா, தெனமும் எங்க போறான்னு. ஒடம்பு செரியில்லாதவங்களப் பாக்கன்னு சொல்லிட்டேன்."

"யாருக்கு உடம்பு சரியில்லை?"

"அதத்தான் அவளும் கேட்டா. அதுக்குள்ள நான் உள்ள வந்துட்டேன்."

வியாழக்கிழமை பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். வெங்கடராமன் மேல் எனக்குக் கோபமே வரவில்லை. நெடுநாளாகத் தெரிந்த ஒன்றை ஆபீஸ் பாஷையில் கேட்டது போலத்தான் இருந்தது. எனக்கு முப்பத்தாறு வயது. அண்ணன் வீட்டில் என் டிரங்குப் பெட்டி கதவுக்குப் பின்னால் இருந்தது. அங்கே வைக்கச் சொன்னவர் யாருமில்லை, நானே வைத்தேன். எங்கே போனாலும் எழுந்து போக வசதியான இடமாகப் பார்த்தே உட்கார்ந்திருக்கிறேன். இதை நினைத்தால் அழுகை வரும் என்று காத்திருந்தேன். பசிதான் வந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் விட்டுவிட முடிவு செய்தேன். ஆனால் வெறுங்கையோடு திரும்பினால், ஐந்து நாளும் சொல்லாமல் நின்றுவிட்டதாகப் பள்ளிக்கூடத்தில் எழுதுவார்கள். வந்து போனதற்கு ஒரு காகிதமாவது வேண்டும் என்று வெங்கடராமனிடம் போனேன்.

"நான் திரும்பிப் போகிறேன் சார். ஒரு ரிலீவிங் ஆர்டர் மட்டும் கொடுங்கள்."

அவர் முகம் மலர்ந்தது. "பேஷா! போறவாளைத் தடுக்க நமக்கு அதிகாரமில்லே." டைப்ரைட்டரில் கார்பன் வைத்துத் தாளைச் செருகினார். இரண்டு வரி அடித்துவிட்டு நிறுத்தினார்.

"ஜாயின் பண்ணின தேதி?"

"ஜாயின் பண்ணவில்லையே சார்."

"ஜாயின் பண்ணாதவாளை எப்படிம்மா ரிலீவ் பண்றது?" உண்மையாகவே பதறிப்போனார். "ஃபைல்ல ரிலீவிங் இருக்கு, ஜாயினிங் இல்லேன்னா நாளைக்கு யார் பதில் சொல்றது? எழுதுங்கோ, சீக்கிரம். திங்கக்கிழமை தேதி போடுங்கோ."

"முற்பகலா, பிற்பகலா?"

"வந்தது எத்தனை மணிக்கு?"

"பத்துக்கு."

"அப்போ முற்பகல். இதெல்லாம் கேக்கணுமா?"

'திங்கட்கிழமை முற்பகல் பணியில் சேர்ந்தேன்' என்று இரண்டு பிரதி எழுதினேன். டைரக்டருக்காக என்று அவரே கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, ஒரு பிரதியை என்னிடம் கொடுத்தார்.

நான் திட்டம் போட்டுத்தான் இதைச் செய்தேன் என்று அண்ணி பிறகு தெருவெல்லாம் சொன்னாள். அப்படி இல்லை. ரிலீவிங் ஆர்டரை அடித்து முடித்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்துப் போட அவர் என் பக்கம் தள்ளும் வரையில் நான் திரும்பிப் போகிறவளாகவே நின்றுகொண்டிருந்தேன். பேனா மூடியைக்கூடத் திறந்துவிட்டேன்.

"இது வேண்டாம் சார்" என்றேன்.

"வேண்டாமா? இப்பத்தானே கேட்டேள்?"

"சேர்ந்துவிட்டேனே."

அவர் ஃபைலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் ஃபைலைப் பார்த்தார். கையிலிருந்த பிரதியைப் பைக்குள் வைத்துக்கொண்டேன். பிடுங்கினால் கொடுப்பதில்லை என்று அந்த நிமிஷம் எனக்குத் தெரிந்தது. அப்படி ஒன்றை என்னைப் பற்றி நான் அதற்கு முன் தெரிந்துகொண்டதில்லை.

"ஜாயின் பண்ணினவா ரிலீவ் ஆகியே தீரணும்னு ரூல் இல்லே" என்றார் கடைசியில், கொஞ்சம் வருத்தத்தோடு. "சரி, நாளைக்குப் பத்து மணிக்கு வந்துடுங்கோ."

"நாளைக்குத் தங்கவயல் போய் இதைப் பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டும், சார்."

"அப்போ லீவு எழுதிக் கொடுத்துட்டுப் போங்கோ."

உட்கார்ந்து எழுதினேன். அந்த மையத்தில் நான் செய்த முதல் வேலை அதுதான்.